உடன்பிறந்தவர் பிள்ளையை, பேரப்பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கு: நீலகிரியில் அரசு உதவி பெறும் வழிமுறை

பெற்றோர் இறந்துபோனதாலோ, பிரிந்துவிட்டதாலோ, பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனவர்கள் திரும்பி வராததாலோ, ஒரு குழந்தை அம்மாயி வீட்டிலும் சித்தி வீட்டிலும் மாமா வீட்டிலுமாக வளர்வது நம் மலையில் புதிதன்று. யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுகிறோம், அவ்வளவுதான். சோறும் பள்ளிக்கூடமும் அன்றைக்கே தொடங்கிவிடுகின்றன. ஆனால் அரசாங்க ஏட்டில் அந்தக் குழந்தை இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறது. குடும்ப அட்டையில் இறந்தவரோடு அதன் பெயர் இருக்கிறது, பள்ளிப் பதிவேட்டில் எங்கிருக்கிறார் என்றே தெரியாத தகப்பனார் காப்பாளராக இருக்கிறார். அந்த ஏட்டை மாற்றாமல் எந்த உதவித்தொகையும் உங்கள் வாசலுக்கு வராது. ஆகவே குழந்தை வந்த முதல் மாதத்திலேயே, அது உங்களிடம் வளர்கிறது என்பதை எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போகும் மற்ற எல்லாமே அதன் பிறகு வருபவைதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் தங்கை காய்ச்சலில் இறந்தபோது அவள் மகளுக்கு நான்கு வயது. தகப்பன் வேலைக்கென்று போனவர் பிறகு வரவே இல்லை. பிள்ளையை வளர்க்க மனுப் போடுவதா என்று நான் எங்கும் போகவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு காரியமாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தபோதுதான், அங்கே வரிசையில் நின்ற ஒரு பாட்டி மாதந்தோறும் பேரனுக்குப் பணம் வருவதைச் சொன்னார். உதவித்தொகை விண்ணப்பித்து ஒப்புதலான பிறகுதான் தொடங்கும், கடந்துபோன மாதங்களுக்குக் கணக்கிட்டு யாரும் தரமாட்டார்கள். அந்த மூன்று ஆண்டுகள் எங்களுக்குப் போனவைதான். உங்களுக்கு ஒரு மாதம்கூடப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் மனு

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அலுவலகம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு அது உதகையில் இயங்குகிறது. அதோடு, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட குழந்தைகள் நலக் குழுவும் உண்டு. அலுவலகம் உதவித்தொகைக்கான விசாரணையையும் கோப்பையும் நடத்துகிறது, குழு குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் உடையது. இரண்டுக்கும் ஒரே மனுவின் இரண்டு படிகளைக் கொடுக்கலாம்.

மனுவுக்குத் தனிப் படிவம் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, படிக்கும் பள்ளி, வகுப்பு, தாய் தந்தையின் பெயர், அவர்களுக்கு என்ன ஆயிற்று, எந்தத் தேதியிலிருந்து குழந்தை உங்களிடம் இருக்கிறது, உங்களுக்கும் குழந்தைக்கும் என்ன உறவு, உங்கள் வீட்டின் ஆண்டு வருமானம், என்ன உதவி கேட்கிறீர்கள் என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். உறவை எழுதும்போது 'சொந்தக்காரர்' என்று பொதுவாக எழுதாமல், 'குழந்தையின் தாயாருடைய அக்காள்', 'குழந்தையின் தகப்பனாரைப் பெற்ற தாய்' என்று இழை விடாமல் எழுத வேண்டும். நம் வீடுகளில் சித்தி என்றால் உடன்பிறந்த சித்தியும் உண்டு, ஒன்றுவிட்ட சித்தியும் உண்டு. விசாரணைக்கு வருகிறவருக்கு அந்த வேறுபாடு தாளிலேயே தெரிய வேண்டும். கொடுத்த மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எருமாடு, அய்யன்கொல்லி, சேரம்பாடி பக்கத்திலிருந்து உதகைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அந்தப் பயணமும் வீண். அதனால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு முதலில் பேசுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். குழந்தை ஆபத்தில் இருந்தால்தான் கூப்பிட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் இல்லாத குழந்தையை வளர்க்கிறோம், உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது என்று கேட்பதற்கும் அதே எண்தான். உங்கள் ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழு, அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமை ஆசிரியர் ஆகியோர் வழியாகவும் மனு போகலாம். கிராம சபையில் எழுந்து சொல்லிப் பதிவு செய்வதும் நல்லது.

நான் பேசிய வீடுகளில் பாதிக்கு மேல் ஓர் அச்சம் இருந்தது. அரசு அலுவலகத்துக்குத் தெரிந்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்பதுதான் அது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குழந்தையைப் பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியில்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி முடிவு என்றும் அந்தச் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குழந்தை உங்களிடம் நலமாக இருக்கிறது, பள்ளிக்குப் போகிறது, அடி உதை இல்லை என்றால் அதைப் பிரிக்க எவருக்கும் காரணம் இல்லை. குழுவின் முன் குழந்தையைத் தனியாக அழைத்துப் பேசுவார்கள், அது வழக்கமான நடைமுறைதான். போகும் முன் பிள்ளையிடம் எதையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். சொல்லிக்கொடுத்த பேச்சு குழந்தையின் வாயில் உடனே தெரிந்துவிடும்.

தகரப் பெட்டிக்குள் இருக்க வேண்டியவை

குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், பெற்றோரின் இறப்புச் சான்று, உங்கள் குடும்ப அட்டை, உங்கள் ஆதார், வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, குழந்தையின் வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவை எல்லா விண்ணப்பத்துக்கும் பொதுவானவை. இவற்றில் சிக்கல் வருவது மூன்றில்தான்.

முதலாவது இறப்புச் சான்று. இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். திருப்பூரில் விபத்தில் இறந்தவரின் உடலைக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருந்தாலும் சான்று திருப்பூரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் பெயரும் தேதியும் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும், இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள். பதிவே செய்யாமல் ஓராண்டு கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் ஆணை பெற்றுப் பதிய வேண்டும். தந்தை இறக்கவில்லை, காணாமல் போய்விட்டார் என்றால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 'எங்கேயோ இருக்கிறார்' என்ற வாய்ச்சொல்லை எந்த அலுவலகமும் ஏற்காது.

இரண்டாவது சாதிச் சான்று. குழந்தைக்கு வளர்ப்பவரின் சாதிச் சான்று பயன்படாது, பெற்றோருடையது வேண்டும். பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தரமுடியாது, கோட்டாட்சியரே தர வேண்டும். நம் மாவட்டத்தில் உதகை, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்கள் உண்டு. இறந்துபோன தாயின் அல்லது தந்தையின் பழைய பள்ளி மாற்றுச் சான்று, சாதி அட்டை எதுவானாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கருமாதி முடிந்து வீட்டைக் கழுவும்போது இப்படிப்பட்ட தாள்கள்தாம் முதலில் குப்பைக்குப் போகின்றன.

மூன்றாவது குடும்ப அட்டை. பழைய அட்டையில் குழந்தையின் பெயரை நீக்கினால்தான் உங்கள் அட்டையில் சேர்க்க முடியும். இதை இ-சேவை மையத்திலேயே செய்யலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் அட்டையில் பெயர் இல்லாத பிள்ளைக்கு அது பயன்படாது, நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தேயிலைக் கறையும் வெடிப்பும் ஏறிய விரலை ரேகைக் கருவி வாங்குவதில்லை. நியாயவிலைக் கடையிலும் ஆதார் மையத்திலும் என் விரல் பலமுறை தள்ளுபடியானது. கண் கருவிழிப் பதிவு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். குழந்தைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் உதவித்தொகை வங்கியில் ஏறாமல் நின்றுவிடலாம்.

தாள்களை ஜவுளிக் கடைப் பையில் போட்டு ஆணியில் மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் வீடுகளின் சுவரே வியர்க்கிறது. என் தங்கையின் வருங்கால வைப்பு நிதிச் சீட்டு அப்படித்தான் பூஞ்சை பிடித்து, மூன்று தாள்கள் ஒன்றாக ஒட்டி, பிரிக்கும்போது எண் இருந்த மூலை கிழிந்துபோனது. மூடி இறுக்கமான பிஸ்கட் டப்பா ஒன்று போதும், அடுப்புக்கு மேலுள்ள பலகையில் வையுங்கள்.

மாதந்தோறும் வரும் பணம்

இரண்டு திட்டங்கள் முக்கியமானவை. இரண்டும் மேலே சொன்ன அதே அலுவலகத்தின் வழியாகவே நடக்கின்றன.

மிஷன் வாத்சல்யா என்னும் ஒன்றிய அரசுத் திட்டத்தின் நிதி ஆதரவு, குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். தாய் கைம்பெண்ணாகவோ கணவனால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தால், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயிலோ விபத்தில் முடங்கியோ கிடந்தால் அந்தக் குழந்தைக்கு இதைக் கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தருகிறது. வருமான வரம்பு கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்.

இந்த வரம்பைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. மாதம் 6,000 ரூபாய் என்பதுதான் அதன் பொருள். தோட்டத்தில் ஒருவர் ஆண்டு முழுவதும் நிரந்தரமாகக் கொழுந்து பறித்தாலே அதைக் கடந்துவிடுவார். தன் பிள்ளைகள் இரண்டோடு அக்காள் பிள்ளைகள் இரண்டையும் வைத்துச் சோறு போடும் ஒருத்தியின் வருமானத்தை இப்படி அளப்பது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் வருமானச் சான்றில் பொய் எழுதச் சொல்லி யாரையும் கெஞ்சாதீர்கள். பின்னால் தெரிந்தால் உதவி நிற்பதோடு உங்கள் சொல்லும் கெட்டுப்போகும். வயதான பாட்டியும் தாத்தாவும் மட்டுமே வளர்க்கும் வீடுகளுக்கும், தற்காலிகக் கூலிக்குப் போகும் வீடுகளுக்கும் இந்த வரம்பு பொருந்திவரும்.

மற்றொன்று தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டம். 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டம் நம் போன்ற உறவினர்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 18 வயது வரை, பள்ளிப் படிப்பு இடையில் நின்றுவிடாதபடி, மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போயிருந்தாலும், மாற்றுத்திறனாளியாக இருந்தாலும், சிறையில் இருந்தாலும், உயிருக்கு ஆபத்தான நோயில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். 'தகப்பன் உயிரோடு இருக்கிறானே, கொடுக்கமாட்டார்கள்' என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள்.

எந்தத் திட்டம் பொருந்தும் என்பதை அலுவலகத்திலேயே கேளுங்கள். ஏற்கெனவே ஏதேனும் பணம் வருகிறது என்றால் அதை மறைக்காமல் மனுவில் எழுதுங்கள். மனுவுக்குப் பிறகு களப்பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அன்றைக்கு வீட்டைச் சோடிக்க வேண்டியதில்லை. குழந்தை எங்கே தூங்குகிறது, பள்ளிக்கு எப்படிப் போகிறது, மருந்து ஏதும் சாப்பிடுகிறதா என்று கேட்பார், உள்ளதைச் சொன்னால் போதும். உதவி தொடர்ந்து வரக் குழந்தை ஒழுங்காகப் பள்ளிக்குப் போயாக வேண்டும். பறிப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் பணமும் நின்றுபோகலாம், படிப்பும் போகும். குழந்தையை விடுதியில் சேர்க்க நினைத்தால் சேர்ப்பதற்கு முன் அலுவலகத்தில் பேசிவிடுங்கள், ஏனெனில் இந்த உதவி குடும்பத்தில் வளரும் குழந்தைக்கானது.

கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கணக்கு வேறு. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களின் பெயரில் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாயும், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாயும் ஒதுக்கியது. இருவரையும் இழந்து உறவினரிடம் வளர்பவர்களுக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. அந்த வைப்புத் தொகையின் சான்று உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வங்கியில்

குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் என்னை நான்கு முறை திருப்பியனுப்பினார்கள். பெற்றோர்தான் கையெழுத்துப் போட வேண்டும், பெரியம்மா போடக்கூடாது என்றார்கள். வங்கி விதியில் இயற்கைக் காப்பாளர், சட்டப்படியான காப்பாளர் என்ற இரண்டு சொற்களே இருப்பதால் வந்த சிக்கல் அது. இப்போது ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது. 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் தானே கணக்குத் தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை அனுப்பியது. அஞ்சலகத்திலும் 10 வயதுப் பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையையோ பாதுகாப்பு அலுவலகத்தின் கடிதத்தையோ கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அவசரத்துக்காக, விட்டுப்போன தகப்பனாரைத் தேடிப்பிடித்து அவரையே காப்பாளராக்கிக் கணக்குத் தொடங்க வேண்டாம். அப்படிச் செய்த ஒரு வீட்டில் பிள்ளைக்கு வந்த பணத்தை எடுக்க அவர் மாதந்தோறும் வரத் தொடங்கிவிட்டார்.

தோட்டத்தில் நிற்கும் பணம்

நம் மாவட்டத்தில் பெருந்தொகையாக விட்டுப்போவது இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இறந்த தாயோ தந்தையோ தனியார் தோட்டத்திலோ, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயிலோ, தேயிலைத் தொழிற்சாலையிலோ, பின்னலாடை ஆலையிலோ வேலை பார்த்து, சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட்டிருந்தால், பிள்ளைக்கு நான்கு வகைப் பணம் உரிமையாக இருக்கிறது.

வைப்பு நிதியில் சேர்ந்திருக்கும் தொகை ஒன்று. இறந்தவருக்குரிய பணிக்கொடை இரண்டாவது. பணிக்கொடைக்கு ஐந்தாண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இறப்புக்குப் பொருந்தாது, மூன்றாண்டே வேலை செய்திருந்தாலும் கேளுங்கள். மூன்றாவது, வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்கு வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர் என்றால் குறைந்தது 2.5 லட்சம் ரூபாயும் அதிகபட்சமாக 7 லட்சம் ரூபாயும் கிடைக்கும். இதற்காகத் தனியே எதுவும் சம்பளத்தில் பிடிப்பதில்லை, அதனாலேயே தொழிலாளிக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

நான்காவது ஓய்வூதியம். 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாதம் பணம் கட்டியிருந்த தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்தாலே குடும்பத்துக்கு ஓய்வூதிய உரிமை வந்துவிடுகிறது. கணவனோ மனைவியோ உயிரோடு இருந்தால் அவருக்கு ஓய்வூதியமும், அதில் 25 சதவீதம் குழந்தைக்கும் உண்டு. இருவருமே இல்லை என்றால் குழந்தைக்கு ஆதரவற்றோர் ஓய்வூதியமாக 75 சதவீதம், குறைந்தது மாதம் 750 ரூபாய், 25 வயது வரை வரும். ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகள் பெறலாம். தாய் மறுமணம் செய்துகொண்டால் அவருடைய ஓய்வூதியம் நின்று, குழந்தையின் பங்கு ஆதரவற்றோர் ஓய்வூதியமாக உயர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுமணத்துக்குப் பிறகு பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களில் இந்த உயர்வைக் கேட்டுப் பெற்ற ஒரு பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

வேலை செய்த தோட்டத்தின் அலுவலகத்தில் எழுத்தரிடம் இறந்தவரின் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய சம்பளச் சீட்டிலும் அந்த எண் இருக்கும். வாரிசுச் சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற வேண்டும், அதில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் சிறுவர் பெயரில் பணம் தர நீதிமன்றக் காப்பாளர் சான்று கேட்பார்கள். குழந்தையின் சொந்த வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துவதாக இருந்தால் அந்தச் சான்றை வற்புறுத்த வேண்டாம் என்று வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிவுறுத்தியிருக்கிறது. யாரேனும் கேட்டால் பணிவோடு இதை எடுத்துச் சொல்லுங்கள். 'நான் வாங்கித் தருகிறேன், பாதி கொடு' என்று வருகிற தரகர்களிடம் அசல் தாள்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

தோட்டத்தில் தொழிலாளிக்குத் தரும் லயன் வீடு வேறு பிரச்சினை. வேலை செய்தவர் இறந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொன்னால், பணிக்கொடையும் மற்ற நிலுவையும் கைக்கு வந்த பிறகே பேசுங்கள், எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தொழிற்சங்கத்தில் சொல்லி வையுங்கள். பட்டா இல்லாத நிலத்தில் இருக்கிறோமே என்று கூடலூர், பந்தலூர் பக்கத்தார் தயங்க வேண்டியதில்லை. நான் சொன்ன குழந்தை உதவிகளில் எதற்கும் பட்டா தேவையில்லை.

பள்ளிக்கூடம்

மாற்றுச் சான்று வரவில்லை என்பதற்காகவோ வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ 14 வயது வரையுள்ள குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பழைய பள்ளியில் குழந்தையின் எமிஸ் பதிவை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணைய ஏட்டில் உள்ள மாணவர் பதிவை, விடுவிக்கச் சொல்லிப் புதிய பள்ளியின் தலைமை ஆசிரியரே கேட்கலாம், நீங்கள் திருப்பூர் வரை போக வேண்டியதில்லை. சேர்ந்ததும் காப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வருவாய் ஈட்டிய தாயோ தந்தையோ விபத்தில் இறந்திருந்தாலும் நிரந்தரமாக முடங்கியிருந்தாலும், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் உதவி உண்டு. இதற்கும் தலைமை ஆசிரியர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியரிடம் குழந்தையின் நிலையை ஒரு முறை தனியாகச் சொல்லிவிடுங்கள், அப்பா கையெழுத்து எங்கே என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்கமாட்டார்.

காப்பாளர் உரிமை வேண்டுமா

பத்திரத்தில் 'இன்று முதல் என் பிள்ளையை அக்காளுக்குக் கொடுத்துவிட்டேன்' என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்தோடு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளால் காப்பாளர் உரிமை வந்துவிடாது. மாத உதவித்தொகைக்கு நீதிமன்றம் போகத் தேவையில்லை, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை பெரும்பாலும் போதும். குழந்தையின் பெயரில் நிலமோ வீடோ இருந்து அதை விற்க வேண்டியிருந்தால், அல்லது பெற்றோரில் ஒருவர் வந்து சண்டையிட்டு இழுத்துச் செல்வார் என்ற நிலை இருந்தால், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். குழந்தை வழக்கமாக வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றமே இதற்கு உரியது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

தத்து எடுப்பதும் ஒரு வழி. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உறவினர் தத்தாக முறைப்படி எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு, மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பிக்கிறார். ஆனால் தத்து எடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளையாகிவிடும், திரும்ப முடியாது. உதவித்தொகைக்கான குறுக்கு வழியாக அதை நினைக்காதீர்கள். நான் தத்து எடுக்கவில்லை. அம்மாவின் பெயர் தன் சான்றில் அப்படியே இருக்கட்டும் என்று என் பிள்ளை விரும்பினாள்.

மனு நகராவிட்டால்

மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுங்கள், முதல் மனுவின் முத்திரை நகலையும் இணையுங்கள். நிராகரித்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். என் மனு ஒருமுறை நின்றதற்குக் காரணம், பிறப்புச் சான்றில் தங்கையின் பெயர் 'செல்வி' என்றும் ஆதாரில் 'தமிழ்ச்செல்வி' என்றும் இருந்ததுதான். இருவரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக்கொடுத்த ஒரு தாளில் அது சரியாயிற்று.

பிள்ளைக்கு 17 வயது முடியும்போது மீண்டும் ஒரு முறை பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். மாத உதவி 18-ல் நிற்கிறது, ஆனால் ஆதரவற்றோர் ஓய்வூதியம் 25 வரை தொடர்கிறது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெற விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்ற ஆதாரும் புதிய கையெழுத்தும் தேவை. என் பிள்ளையை அந்த மாதம் வங்கிக்கு அழைத்துப் போனபோது, டப்பாவை அவள் கையிலேயே கொடுத்தேன். மேலே இருந்தது கிழிந்த மூலையோடு கூடிய அந்த வைப்பு நிதிச் சீட்டு. அதை மட்டும் அவள் தனியே எடுத்து, அம்மாவின் கையெழுத்து இருந்த இடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகே வரிசையில் வந்து நின்றாள்.